காப்புக் கட்டிய கையிலிருந்து என் பேத்திக்கு ரத்தம்

என் பேத்தி பிறந்த மறுநாளே மஞ்சளாகிவிட்டாள். போன ஆடி, மூன்றாம் வெள்ளி. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில், கண்ணைக் கட்டி, நீல விளக்கின் கீழே படுக்க வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நான். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன். அதில் ஒரு பக்கமும் அன்று உதவிக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். என் மகள் நித்யாவின் ரத்தம் நெகட்டிவ். மாப்பிள்ளையுடையது பாசிட்டிவ். குழந்தை அப்பாவைக் கொண்டு பிறந்தால், தாயின் உடம்பு அந்த ரத்தத்தை அந்நியன் என்று நினைத்து அழிக்கக் கிளம்பிவிடும். அதைத் தடுக்க ஓர் ஊசி இருக்கிறது. முந்தின வருடம் நித்யாவுக்குக் கரு கலைந்தபோதே போட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். உண்டானதையும் சொல்லவில்லை, கலைந்ததையும் சொல்லவில்லை. இந்த முறை டாக்டர் கேட்டபோதுகூட, "இதுதான் தலைச்சன்" என்று என் மனைவி மாலதி முந்திக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை எங்களைக் காட்டிக்கொடுத்தது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்த குடும்பம் இது. பதினொன்றாவதாக ரத்தத்தையும் பாருங்கள் என்று எந்த ஜோசியரும் சொல்லவில்லை.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"விளக்கு போதல சார். மஞ்சள் ஏறிக்கிட்டே போகுது. குழந்தையோட ரத்தத்தையே மாத்தணும். ஓ நெகட்டிவ் வேணும், பேங்க்ல இப்ப இல்ல. மூளைக்குப் போயிட்டா அப்புறம் சரி பண்ண முடியாது."

என்னுடையது பி பாசிட்டிவ். இந்த வீட்டில் எதற்கும் உதவாதவன் என்பது அறிவியல் பூர்வமாக நிரூபணமானது. மாப்பிள்ளை போனில் ஊரையெல்லாம் அழைத்துக்கொண்டிருந்தார். மாலதி அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க? போய் அவகிட்டயாவது சொல்லுங்க."

அவள் என்றால் எங்கள் பீர்க்கன்கரணை ஏரிக்கரை அம்மன். ஸ்கூட்டரை எடுத்தேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இப்போதும் தெரியாது. வழக்கமாக நான் கண்ணை மூடி, மனசுக்குள், இலக்கணச் சுத்தமாக வேண்டிக்கொள்கிறவன். அன்று அது எதுவும் வரவில்லை. கூழுக்கு நின்ற கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சன்னதியில் கத்தினேன்.

"தாயே, ஓ நெகட்டிவ்! ஓ நெகட்டிவ் வேணும்மா!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா சார், என் குரூப்பக் கூவிக்கினு கீற?"

செல்வம். அந்த ஊர்க்காரர், மனை வாங்கி விற்பவர், திருவிழாவுக்குத் தலைவர். ஒவ்வோர் ஆடியிலும் ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லி நான் சண்டை போடுவது இவரோடுதான். மஞ்சள் வேட்டி, வெற்று மார்பு, கையில் காப்பு. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். துண்டு துண்டாக விஷயத்தைச் சொன்னேன்.

பூசாரி குறுக்கே வந்தார். "டேய் செல்வம், காப்பு கட்டிக்கினு எல்லை தாண்டக் கூடாது. அதுவும் புள்ள பெத்த தீட்டு. பூ கேட்டுப் பாத்துடலாம், இரு."

அம்மனின் இரண்டு தோளிலும் பூ வைத்தார். வலப் பக்கம் விழுந்தால் போகலாம், இடப் பக்கம் விழுந்தால் கூடாது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பூ அசையவில்லை. அங்கே ஒரு குழந்தை நிறம் மாறிக்கொண்டிருக்கிறது. இங்கே பூ சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. நான் அவள் முகத்தைப் பார்த்து, "அம்மா, சீக்கிரம்" என்றேன். அவ்வளவுதான் என்னுடைய பிரார்த்தனை.

செல்வம் பொறுமையிழந்தார்.

"அவ யோசிக்கட்டும் சாமி. நான் போய்ட்டு வந்துடறேன். நீ வண்டிய எடு சார்!"

ஸ்கூட்டர் கிளம்பிய அதே நொடி, பூசாரியின் அலறல்: "வுழுந்துடுச்சி! சோத்தாங்கை பக்கம்! போடா, போ!"

கூட்டம் குலவையிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "ஃபேன் காத்துல விழுந்திருக்கும் மாமா" என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். கோயிலில் அப்போது கரண்ட் இல்லை மாப்பிள்ளை!

ரத்த வங்கியில் இன்னொரு சோதனை. "சாப்ட்டீங்களா அண்ணா?" என்று அங்கிருந்த நர்ஸ் பெண் கேட்டாள்.

"விரதம்மா. ராத்திரி ஒரு வேளைதான்."

"வெறும் வயித்துல எடுக்க மாட்டோம்."

நான் செல்வத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எல்லையே தாண்டியாச்சி, இட்லி இன்னா பெருசு? சட்னி மட்டும் வெங்காயம் இல்லாம வாங்கியா சார்."

காப்புக் கட்டிய கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். சோதித்தார்கள். நித்யாவின் ரத்தத்தோடும் ஒத்துப்போனது. அன்று சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக என் பேத்தியின் ரத்தத்தை மாற்றினார்கள். மறுநாள் மஞ்சள் இறங்கியது. டாக்டரம்மா சிரித்தார். குழந்தை வீறிட்டு அழுதது. உலகத்திலேயே இனிமையான அந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பேத்தி இப்போது தவழ்கிறாள். கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறாள். நித்யா இனி எப்போது உண்டானாலும் முதலில் டாக்டருக்குத்தான் சொல்வது என்று மாலதியே சட்டம் போட்டுவிட்டாள். நானோ வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் புதுமணத் தம்பதிகளை மறித்து, "உங்க ரத்தம் என்ன குரூப்?" என்று கேட்கிறேன். சிலர் பயந்து வேறு வரிசைக்குப் போய்விடுகிறார்கள். பரவாயில்லை. அன்பானவர்களே, கர்ப்பத்தையும் கலைந்த கர்ப்பத்தையும் டாக்டரிடம் ஒளிக்காதீர்கள். அந்த ஊசியும் அம்மன் கொடுத்ததுதான்.

கஷ்டம் வந்தால் அவளிடம் போங்கள். கூச்சப்படாமல், வாய்விட்டு, சத்தமாகக் கேளுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எதிரே இருக்கிற அவளுக்குத் தெரியும்.