வாரிசு வரிப் பத்திரத்தில் அக்காவின் விலாசம்

என் கையெழுத்து கோணல். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் அப்பா ஹேர்னிங் என்ற இந்த டேனிஷ் ஊரின் ஆஸ்பத்திரியில் இறந்தார். துணி ஆலையில் உழைத்து வாங்கிய சின்ன வீடு ஒன்று அவர் பெயரில் இருந்தது. அதற்குப் பிள்ளைகள் வாரிசு வரி கட்டவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பத்திரத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் விலாசமும் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் நாங்கள் இருவர். அக்கா அத்தானோடு வன்னியில். மாசிக்குப் பிறகு செய்தி இல்லை.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். மறுநாள் வேலைக்குப் போனேன்.

"உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறாரா?" என்று பத்திரத்தைக் கொண்டுபோன அலுவலகத்தில் ஒரு பெண் மெதுவான டேனிஷில் கேட்டார். தெரியாது என்றேன். இருந்தால் விலாசமும் கையொப்பமும் வேண்டும், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும், பிந்தினால் வரிக்கு வட்டி ஏறும் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

"இஞ்சேருங்கோ, வட்டிக்குப் பயந்து மச்சாளைக் கொல்லப் போறியளோ?" என்றாள் மனைவி. "இல்லை எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

முப்பத்தோராம் நாள் படையலுக்கு அப்பாவுக்கு மட்டும் இலை போட்டாள். "அக்காவுக்கும் ஒண்டு..." என்று வந்தவர்களில் ஒருவர் தொடங்கினார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

நேற்றுத் தொலைபேசி அடித்தது. வன்னிச் சனத்தை அடைத்திருக்கும் முகாமில் யாரோ ஒருவரின் போனில் அக்கா.

"தம்பி, அப்பாட்டைக் குடு."

சொன்னேன்.

"நீ கொள்ளி வைச்சனியோ?"

"இஞ்ச சுடலையிலை பொத்தான்தான் அக்கா. அமத்தினனான்."

"அது காணும். அத்தான்ரை உடலை நாங்கள் போட்டது போட்டபடி விட்டிட்டு வந்தனாங்கள்."

எனக்கு அழுகை வரவில்லை. வரியைப் பற்றிச் சொன்னேன்.

"செத்த மனிசனையும் விடமாட்டினமோ உங்க?" என்று அக்கா சிரித்தார்.

"உங்கடை விலாசம் வேணும் அக்கா."

"விலாசமோ? கூடார நம்பர்தான் இருக்கு. தரட்டோ?"

வீட்டை விற்று முதலில் வரியை எடுத்துக்கொள்வார்களாம். மிகுதியில் பாதி அக்காவுக்கு. கையொப்பம் எப்படி வரும் என்று தெரியவில்லை. இன்று காலை அந்தக் கூடார எண்ணைக் கட்டத்துக்குள் எழுதினேன். எண் சரியா என்று மனைவி இரண்டு தரம் பார்த்தாள். பிறகு அதே மேசையில் இதையும் எழுதினேன்.

ஹேர்னிங், 2009 ஆனி 28.