சந்தனம் வைத்த சிபியூ

கறம்பக்குடியில் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள் நான். ஸ்டுடியோக்காரர்கள் போட்டோக்களை அனுப்புவார்கள். பக்கம் பக்கமாக அடுக்கி, அச்சுக்குப் போகிற பதத்தில் திருப்பி அனுப்புவேன். என் மாமியாரைப் பொறுத்தவரை அது வேலையில் சேராது. யாராவது விசாரித்தால், "அவ பொட்டியத் தட்டிக்கிட்டு இருக்கா" என்பார். வெளிநாட்டில் இருக்கும் என் கணவரும் அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ஒரு சித்திரையில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சும்மா இருக்கையில் நல்ல பிள்ளையாக ஓடும். ஆல்பத்தை அச்சுக் கோப்பாக மாற்றச் சொன்னால் மூன்றாவது பக்கத்தில் பட்டென்று அணைந்துவிடும். கரண்ட் போயிருக்காது, தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எனக்கு முக்கால்வாசி வேலை தருபவர் புதுக்கோட்டை ஸ்டுடியோக்காரர் ஒருவர். ஏற்கெனவே ஒரு ஆல்பம் தாமதமாகியிருந்தது. அடுத்ததை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தராவிட்டால் தஞ்சாவூரில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக, கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் கெஞ்சியாவது பார்த்திருப்பேன்.

புதன்கிழமை சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போனேன். பழுது பார்ப்பவர் அதை ஓடவிட்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். மூடியைக் கழற்றக்கூட இல்லை. "போர்டு போச்சுங்க, புதுசு வாங்கிக்கங்க" என்றார். ஒரு மனுஷர் நாடி பிடிக்காமலே காரியத்துக்கு நாள் குறிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். கணவர் போனில், இத்தோடு விட்டுவிடேன் என்றார். அது எனக்கு இன்னும் வீம்பைக் கொடுத்தது.

வியாழக்கிழமை காலை செல்போனில் தேடித் தேடி, பிராசஸரின் சூட்டை நொடிக்கு நொடி காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டேன். திரையில் நான்கு வரி, ஒவ்வொன்றிலும் டிகிரி. ஒரு வேலையும் கொடுக்காதபோதே எழுபத்தெட்டு. ஆல்பத்தை ஓடவிட்டதும் எண்பத்தாறு, தொண்ணூற்று மூன்று, எழுத்தெல்லாம் சிவப்பாகி தொண்ணூற்றொன்பது. அப்புறம் இருட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாகவில்லை, காய்ச்சலில் கிடக்கிறது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது தானே அணைந்துகொண்டிருக்கிறது.

மறுபடி ஓடவிட்டு, சூடு வெளியேற வேண்டிய பின்பக்கத்தில் கையை வைத்தேன். காற்றே வரவில்லை. பிளக்கைப் பிடுங்கி, மூலையில் இருந்த சிபியூவை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். வட்டமான கம்பி வலையை அடைத்துக்கொண்டு காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு மாமியார் முன்பக்கத்தோடு விடமாட்டார். வட்டமாக இருந்ததால் அதுதான் நெற்றி என்று நினைத்து, நான்கு வருஷமாகக் கை நிறையச் சந்தனம் அப்பியிருக்கிறார். பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? மூடியைக் கழற்றினால் உள்ளே தூசி, செவ்வந்தி இதழ், மேல் துளை வழியாக விழுந்த நான்கு வருஷத்துப் பொரி. பிராசஸர் மேலுள்ள ஃபேனின் இறக்கைகளுக்கு இடையில் ஒரு பொட்டுக்கடலைகூட இருந்தது.

ஊசியால் சந்தனத்தைச் சுரண்டினேன். பெயின்ட் பிரஷால் துடைத்து, சைக்கிள் பம்பால் ஊதினேன். மாமியார் வந்து பார்த்தார். நான் முறத்தில் கொட்டி வைத்திருந்த பொரியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது. உள்ளே போய் இன்னொரு பிரஷ் கொண்டுவந்து கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நாற்பது பக்கத்தையும் ஒரே மூச்சில் ஓடவிட்டேன். மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது பக்கம் தாண்டும்வரை நான் மூச்சு விடவில்லை. அறுபத்தாறு. பத்தாவது பக்கத்தில் எழுபது. அதற்குள் கணவர் கூப்பிட, போனை மாமியாரே எடுத்துவிட்டார்.

"எழுபத்தொண்ணைத் தாண்டலடா. வேலை ஓடிக்கிட்டு இருக்கு, அப்பறமாப் பேசு."

வேலை என்றார். எனக்கு அது சட்டென்று காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதிருப்பேன். பன்னிரண்டரை மணிக்கு நாற்பதாவது பக்கம் முடிந்தது. ஒருமுறைகூட அணையவில்லை. சாயங்காலம் வரை கெடு இருக்க, மத்தியானமே அனுப்பிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஸ்டுடியோக்காரர் அன்றே அடுத்த இரண்டு கல்யாணங்களை அனுப்பினார். பழுது பார்ப்பவருக்கும் போன் செய்தேன், சும்மா விடுகிற ஆள் இல்லை நான். அவர் அந்த மென்பொருளின் பெயரைக் கேட்டார். பெருமையோடு இரண்டு தடவை சொன்னேன்.

அந்த வருஷ ஆயுத பூஜையில் அரிவாள்மனை, தையல் மிஷின், ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த மாமியார், சிபியூவுக்கு முன்னால் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார்.

"இதுல வச்சாத்தான் மூச்சு முட்டுதே" என்றவர், என் பக்கம் திரும்பி முகவாயைப் பிடித்தார். "நீ குனி. வேலை பாக்குறவ நீதான."

குனிந்தேன். நெற்றி நிறைய வைத்தார்.