என் படம் ஒட்டிய சிவப்புப் பூட்டு

எங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு உண்டு. நடுவில் மயில் பொறித்த, விளிம்பு அகன்ற எவர்சில்வர் தட்டு. ஒவ்வொரு முறை நான் வெளிநாட்டிலிருந்து வரும்போதும் என் மனைவி அதில்தான் எனக்குச் சோறு போடுவாள். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கிடுங்க" என்று உபசரிப்பாள். வந்த புதிதில் சரி, ஒரு மாதம் போனாலும் தட்டு மாறாது. எனக்கு அது உள்ளுக்குள் குத்தும். சங்கரன்கோவிலில் என் பெயரில் வீட்டுவரி கட்டுகிற வீட்டில் நான் விருந்தாளி!

குற்றம் அவளுடையது இல்லை, என் பிழைப்பு அப்படி. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். ஷட்டவுன் வேலை என்போம். அதற்கு ஒப்பந்தத்தில் போகிற பைப் ஃபிட்டர் நான். கொஞ்ச நாள் கத்தார், கொஞ்ச நாள் கொரியா, அடுத்த அழைப்பு வரும்வரை ஊர். ஊருக்கு வந்தால் எல்லாமே நான் இல்லாமல் கச்சிதமாக நடந்துகொண்டிருக்கும். எதிலாவது கை வைத்தால் போதும், "நீங்க செத்த நேரம் ரெஸ்ட் எடுங்க" என்பாள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. குழாயைப் பிரிக்கும் முன் அதற்கு வருகிற வால்வை அடைத்து, கரண்டை நிறுத்தி, வேலைக்கு இறங்குகிற ஒவ்வொருவனும் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் அவன் படம் ஒட்டிய அட்டை தொங்கும். சாவி அவனிடம் மட்டும். பூட்டு தொங்கினால் அந்த ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். மேனேஜரே வந்தாலும் அதைத் தொடக்கூடாது, தொட்டால் உள்ளே ஒரு உயிர் போய்விடும். இதையெல்லாம் போனில் அவளிடம் பெருமையாக அளந்திருக்கிறேன். என் பூட்டு சிவப்பு. ஊருக்கு வரும்போதும் பைக்குள்ளேயே கிடக்கும்.

போன ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் குருவிகுளத்திலிருந்து அவளுடைய அக்காவும் சகலையும் பிள்ளைகுட்டிகளோடு வந்து வீடே நிறைந்துவிட்டது. அன்று காலையில் மாடித் தொட்டிக்குப் போகிற குழாயில் ஒரு கசிவைக் கண்டேன். விடுவேனா? அவள் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து மோட்டாரை அணைத்தேன். கைப்பழக்கம், சுவிட்ச் பெட்டியில் என் பூட்டையும் போட்டுவிட்டேன். கசிந்த இடத்தை ஒட்டி முடித்து, பசை காயட்டும் என்று பூட்டை அப்படியே விட்டுவிட்டு வாழை இலை வாங்கி வருகிறேன் என்று அவளிடம் குரல் கொடுத்துவிட்டுக் கடைவீதிக்குக் கிளம்பினேன். செல்போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

தபசன்று எங்கள் ஊரில் இலை வாங்கப் போனவன் நினைத்த நேரத்தில் திரும்ப முடியாது. சுற்றுப்பட்டி ஜனம் முழுக்க ரத வீதியில் நின்றது. கூட்டம் என்னைத் தள்ளிய பக்கமெல்லாம் போய், ஒருவழியாக வீட்டுக்கு வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. கையிலிருந்த இலை கிழிந்து தொங்கியது.

மாடித் தொட்டி காலி. சகலை வாளியில் கயிறு கட்டிக் கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். என் மனைவி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எங்கன போய்த் தொலைஞ்சீரு? கூறு இருக்கா உமக்கு? வீடு கொள்ளாம ஆளு இருக்கு, குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. மோட்டாரைப் பூட்டிட்டு ஊரு சுத்தப் போயிருக்காரு மனுசன்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் தலை குனிந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அவள் என்னை இப்படி ஏசி வருடங்கள் ஆகியிருந்தன. விருந்தாளியை யாராவது ஏசுவார்களா?

"சின்னப் பூட்டுதான் சகலை" என்றார் அவர், வாளியை இறக்கி வைத்துவிட்டு. "சுத்தியலால ஒரு தட்டு தட்டுனா போதும். உம்ம வீட்டுக்காரி குறுக்க நின்னுக்கிட்டு விடமாட்டேங்கா."

"ஏன், உடைக்க வேண்டியதுதானே?" என்று அவளிடம் கேட்டேன்.

"அதைத் தொட்டா உசிரு போயிரும்னு நீருதான சொன்னீரு? உம்ம படம் வேற தொங்குது. அதை உடைங்கன்னு எப்படிச் சொல்லுவேன்?"

நான் இலை வாங்கத்தான் போயிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாளியில் இறைக்கச் சொல்லியிருக்கிறாள். போய்ப் பூட்டைத் திறந்தேன். அன்று எனக்குச் சோறு விழுந்தது விளிம்பு நெளிந்த பழைய தட்டில். மயில் தட்டு சகலைக்குப் போயிருந்தது.

அடுத்த அழைப்பு குவைத்திலிருந்து வந்தது. கிளம்புகிற அன்று பையைத் துழாவினேன், சாவி இருந்தது, பூட்டைக் காணோம். அடுப்படி ஜன்னல் கம்பியில் அது பூட்டிக் கிடந்தது. அட்டையில் என் படம் வீட்டுக்குள் பார்த்தபடி தொங்கியது.

"இதை ஏன் இங்கன பூட்டியிருக்க?"

"பூட்டு தொங்குனா ஆளு உள்ள இருக்காருன்னுதான அர்த்தம்?" என்றாள், கட்டுச்சோற்றை மடித்துக்கொண்டே.

சாவியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு? அதை நீரு வந்துதான தெறக்கணும்."

குவைத்தில் எனக்கு வேறு பூட்டு கொடுத்திருக்கிறார்கள். இப்போது என் சட்டைப் பையில் இரண்டு சாவிகள் கிடக்கின்றன.