இரண்டு இருமல், இரண்டு குரைப்பு

நனைந்த நாயும் புளித்த திராட்சைத் தோலும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும்... ஊறுகாய் ஜாடிக்குள் ஈரச் சாக்ஸைப் போட்டு மூடியது மாதிரி. எங்கள் பழைய வேனை விற்று மூன்று வருஷம் ஆகப்போகிறது. வாசனை மட்டும் என் மூக்கிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது.

அப்போது கொச்சி மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு மசாலா கிடங்கில் வேலை. அதனால் எங்கள் இரண்டு நாட்டு நாய்களுக்கும் சுக்கு, மிளகு என்று பெயர். சுக்கு தடியன், கட்டைக் குரல். மிளகு சின்னது, கீச்சுக் குரல். கூடவே சுற்றிய என்னைத் தெருவே திப்பிலி என்றது.

நான் இரண்டு தடவை இருமினால் போதும். இரண்டும் திருடனைக் கண்டது போலக் குரைத்துக்கொண்டு என்னிடம் ஓடிவரும். பிஸ்கட் கொடுத்துக் கொடுத்துப் பழக்கியிருந்தேன். செல்ஃபி எடுக்க நிற்கும் டூரிஸ்ட்டுகளுக்குப் பின்னால் போய் இருமுவேன்... போட்டோவில் அவர்கள் தொண்டை வரைக்கும் தெரியும்.

பிறகு வீட்டுக்காரர் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கப்போவதாகச் சொன்னார். காக்கநாட்டில் எங்களுக்குக் கிடைத்த ஃப்ளாட்டில் நாய்க்கு அனுமதி இல்லை.

அந்த வாரமே அப்பா டூர் அறிவித்தார். "கம்பத்துப் பக்கம் போயி ஒயின் பண்ற இடமெல்லாம் பாக்கலாம். கிறிஸ்துமஸுக்கு உங்கம்மா போடற ஒயின் வருஷா வருஷம் ஏன் புளிக்குதுன்னு கேட்டுட்டு வருவோம்."

"சுக்கும் மிளகுமா ஒயின் கத்துக்கப்போகுது?"

"அதுங்களும் ஊர் பாக்கட்டுமேடா."

அப்பா பொய் சொன்னால் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்துக்கொண்டிருந்தார்.

குமுளியில் நல்ல மழை. சாயா குடிக்க இறங்கியதில் நாய்கள் தொப்பலாக நனைந்தன. துவட்டிவிட்டுக்கொண்டே அம்மா விஷயத்தை உடைத்துவிட்டாள். திராட்சை லோடு கொண்டுவரும் டிரைவர் ஒருவர் அப்பாவிடம் சொன்னாராம், ஒயின் தோட்டங்களில் காவலுக்கு நாய் தேடுகிறார்கள் என்று.

தங்கை தேஜுவுக்கு அப்போது ஒன்பது வயது. அழவில்லை. சுக்குவின் காதைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீ எதாச்சும் பண்ணு."

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

முதல் இடத்தில் பெரிய பெரிய ஸ்டீல் டேங்குகள். மேனேஜர் சுற்றிக் காட்டினார். ருசி பார்க்கக் கிடைக்குமா என்று அப்பா கேட்டதற்கு, ரூல்ஸ்படி கூடாது என்று திராட்சை ஜூஸ் கொடுத்துத் தானும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டார். அப்பா அதைக் குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"நல்ல நாய்ங்க சார். சத்தமே போடாது. நம்ம புள்ளைங்க மாதிரி."

நான் இருமினேன். இரண்டு தடவை.

அடுத்த நொடி மேனேஜரின் ஜூஸ் அவர் சட்டையில் இருந்தது. "உங்க புள்ளைங்க இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு இருக்கு சார்" என்றாள்.

வேனில் ஏறியதும் நானும் தேஜுவும் ரகசியமாகக் கை தட்டிக்கொண்டோம்.

இரண்டாவது இடம் சின்னது. திராட்சைத் தோட்டத்தையும் ஒயின் கொட்டகையையும் ஒரு அக்கா நடத்திவந்தார். பிழிந்த தோல் வாசலில் குவிந்து கிடந்தது, மேலே ஈக்கள். அப்பா அதே பேச்சைத் தொடங்கினார். நானும் அதே இருமலைத் தொடங்கினேன். சுக்கும் மிளகும் குரைத்த குரைப்பில், திராட்சைப் பந்தலுக்குள் இருந்த மைனாக் கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்தது.

அக்கா அந்த மைனாக்களையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஏங்க, சத்தம் போடாத நாய வச்சு நான் என்ன பண்றது? இப்படிக் குலைக்கிறதத்தானே தேடிக்கிட்டிருக்கேன்! பகல்ல குருவி, ராத்திரி பன்னி... பழுக்கிற நேரத்துல கண்ண மூட முடியல. ரெண்டையும் விட்டுட்டுப் போங்க. பாவம், பிரிக்க வேணாம்."

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை அவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

தேஜு என்னைப் பார்க்கவே இல்லை.

அக்கா கயிறு கட்டவில்லை. ஆளுக்கொரு எலும்பைப் போட்டுக் கொட்டகை நிழலில் உட்கார வைத்திருந்தார். செருப்பில் ஒட்டிய திராட்சைத் தோலோடு ஏறினோம், வேன் கிளம்பியது. அங்கே மழையே இல்லை, மண் ரோடு. திறந்த ஜன்னல் வழியாக வந்த புழுதி தொண்டையை அடைத்தது. இருமல் முட்டிக்கொண்டு வந்தது.

இருமினால் ஓடிவந்துவிடும். வேன் பின்னாலேயே, மெயின் ரோடு வரைக்கும், லாரிகளுக்கு நடுவில்...

சட்டைக் காலரை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. புழுதி என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் நம்பியது போல இருந்துவிட்டாள்.

ஃப்ளாட்டுக்கு வந்த புதிதில், நான் இருமினால் அடுத்த அறையிலிருந்து தேஜு குரைப்பாள். முதலில் கட்டைக் குரலில் சுக்கு, அடுத்துக் கீச்சுக் குரலில் மிளகு. ஒருநாள் அசோசியேஷன் செக்ரட்டரி வந்து, "இவிடெ பட்டி உண்டோ?" என்று கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து நாயைத் தேடினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அக்கா அவ்வப்போது வீடியோ அனுப்புவார். பந்தலுக்குக் கீழே இரண்டும் தலைதெறிக்க ஓடும். போன மாதம் வீடியோ வரவில்லை, போன் வந்தது. மிளகைப் பாம்பு கடித்துவிட்டதாம். தோட்டத்து ஓரத்திலேயே புதைத்துவிட்டாராம்.

எங்கள் பழைய வீட்டில் இப்போது ஏசி ரூம்கள். அந்தத் தெருவில் டூரிஸ்ட்டுகள் நிம்மதியாக செல்ஃபி எடுக்கிறார்கள். அம்மா இந்த வருஷம் ஒயின் போடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. பன்னிரண்டு வயதாகிவிட்ட தேஜு எந்நேரமும் அறைக் கதவை மூடிக்கொண்டே இருக்கிறாள்.

நேற்று எனக்குச் சளி. நிஜமாகவே இருமினேன்... இரண்டு தடவை.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, கட்டைக் குரலில் ஒரு குரைப்பு.

கீச்சுக் குரலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை.