கூடிய இரண்டு கிலோ

பழவேற்காட்டில் நான் நர்ஸாக இருந்தபோது, ஏரியில் கையால் இறால் பிடிக்கும் ஒரு அம்மா வாராவாரம் எடை பார்க்க வருவார். ஒட்டிய கன்னம், வெடித்த விரல்கள். ஒருநாள் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது.

"சதை போட்டுக்கினேன் நர்ஸம்மா! குவைத்துல கீற பொண்ணு போன்ல பாத்துட்டு, இப்பதாம்மா நல்லா கீறன்னு சிரிச்சா."

அவர் காலில் விரலை அழுத்தினேன். குழி விழுந்தது.

"இது சதை இல்லம்மா, நீர். தினமும் கருவாடு தின்னா, அந்த உப்பு தண்ணிய உடம்புலயே நிறுத்திடும். கருவாட்ட விடுங்க, வடிஞ்சிடும்."

விட்டார். இரண்டே வாரத்தில் வடிந்து, கன்னம் பழையபடி ஒட்டியது. நான் பாராட்டினேன்.

"இன்னாத்துக்கும்மா? கன்னம் ஒட்டுனதுலேர்ந்து பொண்ணுகிட்ட மூஞ்சி காட்றதில்ல. கேமரா ரிப்பேருன்னு சொல்லிட்டேன்."

சரியான வைத்தியம்தான் சொன்னேன். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'இரண்டு கிலோ குறைவு' என்று எழுதினேன்.