நிலாக் காரின் பின்சீட்டு

என் அக்கா பல் செட் செய்கிறவள். மருத்துவர் இல்லை. மருத்துவமனையின் பின்கட்டில், மெழுகும் பிளாஸ்டரும் அப்பிய மேசைக்கு முன்னால் இருபத்தெட்டு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறாள். நோயாளியின் முகத்தை அவள் பார்ப்பதே கிடையாது. அச்சு மட்டும்தான் வரும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவர் இடது பக்கமாவே மெல்றவர், கோபம் வந்தா பல்லைக் கடிக்கிறவர்” என்பாள். விசாரித்தால் சரியாக இருக்கும். ஒரு பள்ளத்தைக் காட்டினால் போதும், அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுவாள்.

இந்தத் திறமைதான் அவளை நிலாக் காரிடம் மாட்டிவிட்டது.

எங்கள் சின்ன வயதில் விண்வெளிப் பொம்மைகள் ஒரு வரிசையாக விற்பனைக்கு வந்தன. பன்னிரண்டு வீரர்கள், நான்கு வண்டிகள். அப்பாவின் நண்பர் அக்காவுக்கு அதில் ஆறு சக்கர நிலாக் காரைக் கொடுத்தார். அவளுக்கு எட்டு வயது, எனக்கு ஐந்து. வீடு முழுக்க அதை ஓட்டியது நான். கட்டிலில் உட்கார்ந்து, “இடது பக்கம் பள்ளம், மெதுவா போ” என்று உத்தரவு போட்டது அவள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அக்கா அன்றைக்கே பார்த்தாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இன்னொரு குட்டி இருக்கை இருந்தது. தெருப் பிள்ளைகளிடம் வாங்கி வைத்துப் பார்த்தோம், பன்னிரண்டு வீரர்களில் ஒருவரும் அதில் அடங்கவில்லை. அப்படியானால் அது யாருக்கு?

மற்றவர்கள் இதை மறந்துவிட்டுக் கல்யாணம் காட்சி என்று போய்விடுவார்கள். அக்காவும் கல்யாணம் செய்துகொண்டாள், ஆனால் மறக்கவில்லை. நோட்டு நோட்டாக அந்த வரிசைக்குப் புதுப் பொம்மைகள் வரைந்தாள். நிலவின் குழிகளைப் பெருக்குகிறவர், ஆன்டெனா பழுது பார்க்கிறவர், விண்கலத்தில் தூக்கம் வராமல் நடமாடுகிற சமையல்காரர். எல்லாம் அழகுதான். ஆனால் பின்சீட்டுக்குரிய ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

போன வருடம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அந்தப் பழைய வார்ப்பு அச்சுகளை வாங்கி, பொம்மைகளை மறுபடி வெளியிடப்போவதாக அறிவித்தது. ரசிகர்கள் ஆளுக்கு ஒரு புது வடிவம் அனுப்பலாம், வண்டிகளின் பழைய வார்ப்பை மாற்றக் கூடாது, தேர்வாவது பெட்டியில் இடம் பெறும். அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பல் அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து அந்த இருக்கைக்குள் அழுத்தினாள். கெட்டியானதை எடுத்து விளக்கில் பிடித்தாள். அடியில் வரிவரியாக மேடுகள், பின்பக்கம் லேசான சாய்வு. “கால் கிடையாது. வயித்துல மடிப்பு இருக்கு. கூன் போட்டு உக்கார்ற ஜீவன்” என்று தீர்ப்புச் சொன்னாள். ஏழு மாதம் உழைத்து அதைச் செய்தாள். பேரிக்காய் உடம்பு, மூன்று கண், நிறம் மட்டும் பல் செட்டின் ஈறு நிறம். கையில் இருந்த பிளாஸ்டிக் அதுதானே! இருக்கைக்குள் வைத்தால் டக்கென்று உட்கார்ந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை சாயங்காலம் நான் போனபோது பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிட்டுத் தரேன்” என்று காரை எடுத்தேன்.

ஓட்ட முடியவில்லை. பிடிக்க இடமில்லை. பின்னாலிருந்து தள்ளினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. என் கட்டைவிரல் தானாகப் போய் அந்த மூன்று கண்ணன் மண்டையில் முட்டியது. இன்னொரு முறையும் அங்கேயே போய் முட்டியது.

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே!

“அக்கா, இது சீட்டே இல்ல. கட்டைவிரல் வைக்கிற இடம். வழுக்காம இருக்கத்தான் அந்த வரி.”

“போடா.”

“நான்தானே ஓட்டுவேன். நீ எங்க தொட்ட?”

பொம்மையைப் பிடுங்கி எடுத்தாள். என் கையை இழுத்து விரலை அங்கே வைத்தாள். அச்சைப் பார்க்கிற அதே பார்வையால் வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏழு மாத உழைப்பை ஒரே வார்த்தையில் உடைத்துவிட்டேனே என்று நொந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. “வா. கையைக் கழுவிட்டு வா.”

போனேன். மேசைமேல் நிறமில்லாத, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இரண்டு குட்டித் தலைக்கவசங்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டு பக்கமும் விரல் நுழைய வழி விட்டிருந்தாள். பெரியதை என் கட்டைவிரல் மூட்டில் மாட்டிவிட்டாள். விரலை மடக்கிக் காருக்குள் வைத்தேன். விரல் மூட்டின் சுருக்கம் கண்ணாடிக்குள் ஒரு முகம் போலத் தெரிந்தது. பயணி வந்துவிட்டார்! இனி எந்தக் குழந்தை ஓட்டினாலும் அந்தக் குழந்தையே வண்டிக்குள் உட்காரும்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள். “இத்தனை வருஷமா அந்த சீட்ல யாருன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். உள்ள உக்காந்திருந்தவன் ஒரு வார்த்தை சொன்னியாடா?”

“நீ கேக்கவே இல்லையே!”

வெள்ளிக்கிழமை, குழந்தை விரலுக்கான அந்தச் சின்னக் கவசம் பார்சலில் போனது. விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள், என்னிடம் காட்டவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அக்காவின் வடிவம் தேர்வாகியிருந்தது. அட்டைப் பெட்டியின் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டு வீரர்களும் வரிசையாக நின்றார்கள், ஒவ்வொருவருக்கும் கீழே பெயர். பதின்மூன்றாவதாக அந்தத் தலைக்கவசம். அதன் கீழே, அவர்கள் ஊர் எழுத்தில், ‘தம்பி’ என்று போட்டிருந்தது.