ஐஸ் கோப்பியும் றாஹிலாவின் மூக்கும்

டோஹாவில் முஸ்தாக் வேலை செய்த கோப்பிக் கடையில் பால் பெட்டிகள் வந்து இறங்கினால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். திகதி எல்லாம் சரியாகத்தான் அச்சடித்திருக்கும். என்றாலும் அவன் ஒரு பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துத் தலையசைத்த பிறகுதான் மற்றவை குளிர்பெட்டிக்குள் போகும்.

அவன் சாய்ந்தமருதுக்காரன். பள்ளிக்கூடப் படிப்பு முடிந்ததும் கல்முனை பசாரில் ஒரு புடவைக் கடையில் கொஞ்சக் காலம் நின்றான். றாஹிலாவைக் கல்யாணம் முடித்து, மகள் நப்லா நடக்கத் தொடங்கிய நேரத்தில் விமானம் ஏறினான். போன புதிதில் அந்தக் கடையில் மேசை துடைத்தான், கோப்பை கழுவினான். பிலிப்பைன்ஸ்காரன் ரொமெல்தான் அவனைப் பக்கத்தில் நிறுத்தி, கோப்பித் தூளை எப்படி அமத்துவது, பாலை எந்தச் சூட்டில் நிறுத்துவது என்று காட்டிக் கொடுத்தவன். வருடங்கள் போக, வெயில் நாட்களில் ஐஸ் கோப்பி கேட்டு வருகிறவர்கள் முஸ்தாக் நிற்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரிசையில் நின்றார்கள்.

நோய் உலகத்தையே வீட்டுக்குள் பூட்டிவைத்த காலத்தில் அவனுக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டுப்போனது. ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் காலையில் கோப்பிக்கொட்டைத் தகரத்தைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மூக்கைத் தகரத்துக்குள் விடாத குறையாக மோந்து பார்த்தான். ஒன்றுமில்லை. கல்லை மோந்த மாதிரி இருந்தது. நாக்கில் மட்டும் இனிப்பும் கசப்பும் புளிப்பும் மிஞ்சியிருந்தன. கொஞ்ச நாளில் சரிவரும் என்றார் வைத்தியர். சரிவரவில்லை. ஒருநாள் கெட்டுப்போன பாலை அவன் கையாலேயே ஊற்றிக் கொடுக்கப் போய், ரொமெல் ஓடிவந்து கோப்பையைப் பறித்தான். அன்றே முஸ்தாக் மேலாளரிடம் போய், தன்னைத் திரும்பவும் கோப்பை கழுவ விடுமாறு கேட்டுக்கொண்டான். மேலாளர் நல்ல மனிதர். ஒப்பந்தம் முடியும்வரை சம்பளத்தைக் குறைக்கவில்லை.

ஊருக்கு வரும்போது ரொமெல் தன்னுடைய மோக்கா கேத்தலை அவன் கையில் வைத்தான். மூன்று துண்டாகக் கழன்று வருகிற சின்ன அலுமினியக் கேத்தல் அது. அடியில் தண்ணீர், நடுவில் தூள், அடுப்பில் வைத்தால் ஆவி முட்டிக் கோப்பி மேல் தட்டுக்கு ஏறிவரும். கடையில் பெரிய இயந்திரம் பிழிந்து தருகிற எஸ்பிரசோ ஆகாது என்றாலும் அதற்குத் தம்பி முறை. முஸ்தாக் அதை ஒரு சாரத்தில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டான். வீட்டுக்கு வந்த பிறகும் வெளியே எடுக்கவில்லை.

மூக்கின் கதையை அவன் றாஹிலாவிடம் சொல்லவுமில்லை. அவள் ஆக்கிப் போட்டதை எல்லாம் "நல்லா இரிக்கி" என்று சொல்லிச் சாப்பிட்டான். ஒரு பகல் அவள் அடுத்த வீட்டு சபூறாவோடு வேலியடியில் கதைத்துக்கொண்டு நின்றதில் பருப்புச் சட்டி அடிப்பிடித்துவிட்டது. வீடு முழுக்கக் கருகல் வாசம். என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே சோற்றைப் போட்டாள். முஸ்தாக் பிசைந்து வாயில் வைத்தான்.

"பருப்பு நல்லா இரிக்கி."

றாஹிலா அகப்பையைக் கீழே வைத்தாள். "என்னப் பாருங்க. உங்களுக்கு ஒண்டும் மணக்கல்லயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எல்லாம் சொன்னான்.

அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது. "இதப் போய் எனக்கிட்ட மறைச்சீங்களே! நான் ஆரு? நீங்க பொய்க்கு ருசிக்கிறதுக்கா நான் ஆக்கிப் போட்ட?" எழுந்து போய் அவனுக்கு வேறு கறி வைத்துக் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பெட்டியைத் துப்புரவாக்கும்போது கேத்தல் அகப்பட்டது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த நாள். முற்றத்து மணல்கூடப் பறந்தது.

"இது என்ன சாமான்?"

"கோப்பி ஊத்துறது. வைங்க அங்கால."

அவள் வைக்கவில்லை. கழற்றிப் பார்த்தாள், திரும்பப் பூட்டினாள். "அங்க எத்தின சனத்துக்கு ஊத்திக் குடுத்திருப்பீங்க. எனக்கு ஒரு நாளாவது ஊத்தித் தந்திருக்கீங்களா? லீவில வந்தா நான்தான் தேத்தண்ணியோட உங்களுக்குப் பின்னால திரிஞ்ச. எனக்கொண்டு போட்டுத் தாங்க. ஐஸ் போட்டு."

"மணமில்லாம நான் எப்படிப் போடுற?"

"உங்களுக்குத்தானே மணக்கல்ல. எனக்கு மணக்குதே."

முஸ்தாக் அவள் கையிலிருந்து கேத்தலை வாங்கிக்கொண்டான். உண்மையில் அத்தனை வருடத்தில் அவளுக்கு அவன் ஒரு கோப்பைகூட ஊற்றியதில்லை.

முதல் முயற்சி கேலிக்கூத்தாகிப் போனது. கடையில் வாங்கிய கோப்பித் தூளில் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் கலந்திருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாய் குடித்த றாஹிலா, "இதென்ன, தடிமனுக்கு அவிச்ச மல்லித்தண்ணியா?" என்றாள். நப்லா பள்ளிக்கூடப் பையோடு நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனும் சேர்ந்துகொண்டான். ஊருக்கு வந்த பிறகு அவன் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

இரண்டாம் தடவைக்குக் கண்டியிலிருந்து பச்சைக் கோப்பிக்கொட்டை வந்தது, றாஹிலாவின் கூடப்பிறந்த காக்கா றம்ஸீன் லொறியில் போய்வரும்போது வாங்கி வந்தார். தாச்சியில் போட்டு வறுத்தார்கள். முஸ்தாக் நிறத்தைப் பார்த்தான், கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். மணம் றாஹிலாவின் பொறுப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இப்ப வைக்கோல் வாசம்... இப்ப பேக்கரியில பாண் சுடுற வாசம்... கச்சான் கொட்டை வறுக்கிற மாதிரி வருது... நிப்பாட்டுங்க, சுறுக்கா இறக்குங்க!"

அவன் இறக்கிச் சுளகில் கொட்டி விசிறினான். கடையில் இதே மணங்களுக்குப் படித்த ஆட்கள் எழுதிவைத்த இங்கிலீசுச் சொற்கள் இருந்தன. றாஹிலாவின் சொற்களைக் கேட்கும்போது மட்டும் அவனுக்கு அந்த மணம் மூக்கின் மேலே எங்கேயோ நிழலாடியது. பாண் சுடுகிற வாசம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கக் கூடியதாக இருந்தது.

தூள் சரியானதும் ஐஸில் பிழை வந்தது. "சூடை மீன் மணக்குது," என்று கிளாஸைத் தள்ளி வைத்தாள். பிரிட்ஜின் மேல்தட்டில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே ஐஸ் தட்டும் இருந்தது. மறுநாள் கொதித்தாறிய தண்ணீரை மூடியுள்ள பெட்டியில் ஊற்றி உறைய வைத்தார்கள். அடுத்தது பால். நற்பிட்டிமுனையிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருகிற கலாராணி, றாஹிலா கேட்டுக்கொண்டபடி கறந்ததும் முதல் போத்தலை அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்தாள்.

"பாலைக் காய்ச்சி ஆறவைச்சு, மறுகா ஐஸ் போட்டுக் குடிக்கிறயளா? வயித்துக்கு ஒத்துக்குமா தங்கச்சி?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

"ஒரு கிளாஸ் குடிச்சிப் போட்டுச் சொல்லுங்க அக்கா."

அன்று முஸ்தாக் கவனமாகச் செய்தான். கேத்தலின் அடியில் சுடுதண்ணியை விட்டான். தூளை அமத்தாமல் மட்டமாக நிரப்பினான். அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு, கோப்பி தேன் மாதிரி ஏறிவந்து சீறத் தொடங்கியதும் இறக்கிவிட்டான். சூடு இருக்கும்போதே சீனியைக் கரைத்தான், குளிர்ந்த பிறகு போட்டால் சீனி அடியில் மணலாகக் கிடக்கும். உயரமான கிளாஸில் ஐஸ், அதன் மேல் குளிர்ந்த பால், கடைசியாகக் கோப்பி. கறுப்பு மெதுவாக வெள்ளைக்குள் இறங்கியது.

றாஹிலா குடித்தாள். இன்னும் ஒரு வாய் குடித்தாள். முஸ்தாக் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதத்தானா அங்க எல்லாருக்கும் குடுத்தீங்க?"

"ஓம்."

"அப்ப எப்படி அவங்களுக்கு உங்கள விட மனசு வந்த?"

அவன் சட்டென்று குசினி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கலாராணி தன் கிளாஸைக் காலி செய்துவிட்டு, "எங்கட வீட்டுக்காரர் நாவிதன்வெளியில வெயிலுக்க நிண்டு வேளாண்மை வெட்டுறார். அவருக்கும் கொஞ்சம் கிடைக்குமோ தம்பி?" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, ஐஸ் உருகாத றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸை நிரப்பி, கோப்பியும் பாலும் வேறு வேறு போத்தல்களில் எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் மோட்டார்சைக்கிளில் வயலுக்குப் போனார்கள். கலாராணியின் கணவர் தங்கத்துரையும் கூட நின்றவர்களும் வரம்பில் வந்து குந்தினார்கள். நல்ல வெயில். முஸ்தாக் கோப்பிப் போத்தலின் மூடியைத் திறந்தான். திறந்தவன் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான்.

"ஆரோ டயர் எரிக்கிறாங்க."

"ஒருத்தரும் எரிக்கல்லயே," என்றாள் றாஹிலா.

"இல்ல புள்ள, ரப்பர் எரியிது. சரியான நாத்தம்." எழுந்து நின்று வயலின் நான்கு பக்கமும் பார்த்தான். வெட்டிய கதிரும் தண்ணீர் வற்றிய வாய்க்காலும்தான் தெரிந்தன. கையிலிருந்த போத்தலை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனான். முகம் கோணிப்போனது.

"கோப்பிதான்! றாஹிலா, கோப்பி நாறுது! அல்லாஹ்வே, நாறுது!"

சொல்லிக்கொண்டே சிரித்தான். கண்ணால் தண்ணீர் ஓடியது. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன தங்கத்துரை பாதியில் நிறுத்தினார். "நல்லாத்தானே கிடக்கு தம்பி? குடிக்கலாமோ?"

"குடிங்க அண்ணன், குடிங்க! உங்களுக்கு ஒண்டுமில்ல. எனக்குத்தான் நாறுது!"

றாஹிலாவுக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. விளங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை அவள் சொல்லக் கேட்ட பிறகு வேளாண்மைக்காரர்களும் சந்தோசப்பட்டார்கள். போத்தல்களில் ஒரு சொட்டுக்கூட மிஞ்சவில்லை.

கல்முனையில் பார்த்த வைத்தியர், செத்துக் கிடந்த நரம்பு திரும்ப முளைக்கும்போது மணங்கள் இப்படி மாறாட்டமாக வருவதுண்டு, பொறுமையாக இருங்கள் என்றார். அந்தப் பொறுமை லேசாக இருக்கவில்லை. வெங்காயம் வதக்கினால் அவன் முற்றத்துக்கு ஓடினான். சவர்க்காரம் அழுகல் மணத்தது. கோப்பி மாதக் கணக்காக எரிந்த ரப்பராகவே இருந்தது. றாஹிலா கேத்தலை எடுத்து வைத்துவிடுவோம் என்றாள். அவன் விடவில்லை. முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு அவளுக்கு ஊற்றிக் கொடுத்தான். ஒவ்வொரு காலையும் அவள் கறாம்பு, தேசிக்காய்த் தோல், ஏலக்காய் என்று ஒவ்வொன்றாக அவன் மூக்கடியில் பிடித்து, "நினைச்சுப் பாருங்க, இது எங்கட கல்யாணப் புரியாணியில கிடந்த மணம்," என்பாள். அவன் கண்ணை மூடி நினைத்துப் பார்ப்பான்.

நோன்பு மாதத்தில் ஒரு நாள், நோன்பு திறக்கக் கொஞ்சம் முன்னால், அவன் அடுப்படியில் கேத்தலோடு நின்றான். துவாய் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்ட மறந்துவிட்டான். மறந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. கோப்பி ஏறிவரத் தொடங்கியபோதுதான் உணர்ந்தான். ரப்பர் இல்லை. எங்கேயோ தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்தில், பாண் சுடுகிற மாதிரி.

"றாஹிலா," என்றான். அவள் வந்து அவன் முகத்தைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லக் கேட்டது. ஈத்தம்பழத்துக்குப் பிறகு இருவரும் ஒரே கிளாஸில் குடித்தார்கள்.

இப்போது முஸ்தாக் கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். மூக்கு முழுதாகத் திரும்பவில்லை. மல்லிகை இன்னும் அவனுக்கு மணப்பதில்லை, கடற்கரைக் காற்று சில நாள் மணக்கிறது, சில நாள் இல்லை. கோப்பிக் கடை ஒன்று போடச் சொல்லி ஊரில் ஆட்கள் கேட்கிறார்கள். பார்ப்போம், இன்ஷா அல்லாஹ் என்கிறான். ரொமெல் இடைக்கிடை தொலைபேசியில் எடுக்கும்போதெல்லாம் அவனுக்காக ஒரு துஆ வாயில் வந்துவிடுகிறது. கலாராணி பால் கொண்டுவருகிற காலைகளில் ஒரு கிளாஸ் குடிக்காமல் சைக்கிளில் ஏறுவதில்லை.

போன கிழமை நப்லாவின் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவள் தானே கோப்பி போடுகிறேன் என்று குசினிக்குள் போய், ஐஸும் பாலும் ஊற்றி, அதன் மேல் சொக்லட் பாகை வட்டம் வட்டமாக விட்டு, வாப்பாவுக்கும் ஒன்று கொண்டுவந்து நீட்டினாள். டோஹாக் கடையில் என்றால் முஸ்தாக் அதை ஒருவர் கைக்கும் போக விட்டிருக்க மாட்டான். இன்று மகளுக்கு முன்னாலேயே நின்று, அடிவரைக்கும் குடித்து, "அல்ஹம்துலில்லாஹ்," என்றான். மனதாரத்தான் சொன்னான்.